மீதி இரண்டு முடிச்சு

என் மனைவி இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்கள். வேறு எப்படிச் சொல்வது? "கொடுத்து வச்ச மகராசி, பூவும் பொட்டுமா போய்ச் சேர்ந்துட்டா" என்று ஒருத்தி தொடங்கினாள். அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். சாயங்காலம் எடுக்கும்வரை தல்லாகுளத்தில் எங்கள் தெரு முழுக்க இந்த ஒரே பேச்சுதான். புருஷனுக்கு முன்னால் போய்விடுவது பெண்ணுக்கு அதிர்ஷ்டமாம். அந்தப் புருஷன் பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறானே, அவன் காதில் விழுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொடுத்து வைத்தவளாம். இரண்டு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இடது கை முழுக்க ஊசி ஏறி ஏறிக் கன்றிக் கிடந்தது. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். வெயில் நாளில் நாக்கு வறண்டுபோய் ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இதுதான் பாக்கியம் என்றால் அதே பாக்கியம் உங்களுக்கும் கிடைக்கட்டும் என்று சொல்ல வாய்வரை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்திருந்த என் மகள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அடக்கிக்கொண்டேன்.

பிறகு வரிசை கட்டினார்கள். சுமங்கலியாகச் செத்தவள் நெற்றிக் குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டால் தாலி பாக்கியம் நிலைக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பக்கத்து வீட்டு அம்மாவிலிருந்து, அவள் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் எட்டிப் பார்க்காத மாடி வீட்டு மருமகள் வரை, ஒவ்வொருத்தியாக வந்து அவள் நெற்றியில் விரலைத் தேய்த்து எடுத்துத் தங்கள் தாலியில் ஒற்றிக்கொண்டார்கள். கடைசியில் என் மனைவியின் நெற்றியில் ஒரு மங்கலான கறைதான் மிச்சம். ரேஷன் கடையில் சீனி தீர்ந்துவிடும் என்று முண்டியடிப்பதுபோல முண்டியடித்தார்கள்.

என் அக்கா மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. முன்வாசல் வேப்பமரத்தடியில், தண்ணீர் மோட்டார் பக்கத்தில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். முப்பத்தைந்து வயதில் தாலியறுத்தவள். பிள்ளை இல்லை. உசிலம்பட்டியில் புருஷன் வீட்டிலேயே தங்கி, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்துத் தன் கையால் பிழைத்தவள். அவள் ஓரமாக நிற்பதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. தன் மனைவிக்காக அவ்வளவு கொதித்த மனுஷனுக்கு அக்கா ஓரமாக நிற்பது உறுத்தவே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மற்றவர்களைத் திட்டும்போது இது நினைவிருக்கட்டும்.

மாசியில் என் மனைவி போனாள். வேப்பமரம் இலையைக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். அந்த இலைக் குப்பைக்காக நாற்பது வருஷமாக அவளும் நானும் சண்டை போட்டிருக்கிறோம். மரத்தை வெட்டு என்பேன் நான். மரத்தில் கை வைத்தால் சோறு கிடையாது என்பாள் அவள். இப்போது விளக்குமாற்றை நான் எடுத்தேன். குனிந்தால் முழங்கால் பேசியது. கூட்டிவிட்டுத் திரும்பினால் அதே இடத்தில் அதே அளவு இலை கிடந்தது.

இந்த நிலைமையில்தான் நன்றிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். காலையில் நாங்கள் ரிட்டையர் ஆனவர்கள் சிலர் சேர்ந்து நடப்போம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விடிந்தால் சூரியன் படம், தாமரைப் படம், கீழே 'இருப்பதற்கு நன்றி சொல்வோம்' என்று ஒரு வாசகம். அதில் ஒருவர், வங்கியில் வேலை பார்த்தவர், எனக்கென்றே ஒரு டைரி வாங்கிவந்து கொடுத்தார். தினமும் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை அதில் எழுத வேண்டுமாம், மனசு லேசாகிவிடுமாம். அவருடைய வீட்டம்மா காலையில் காபியோடு அவரை எழுப்பி அனுப்பியிருப்பார். சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. மூன்றென்ன, முந்நூறுகூட எழுதலாம் அவர். நான் அந்த டைரியை முன்னறையில் ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் செருகினேன். மேஜை ஆட்டம் நின்றது. அதற்கு வேண்டுமானால் நன்றி.

பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. மரம் பூத்தது. மதுரையில் இருப்பவர்களுக்குச் சித்திரை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சி கல்யாணத்தன்று காலையில் அம்மனுக்குத் தாலி கட்டுகிற முகூர்த்தத்தில் ஊரிலுள்ள கல்யாணமான பெண்கள் எல்லாரும் தங்கள் தாலிக் கயிற்றைப் புதுசு மாற்றிக்கொள்வார்கள். கோயில் பக்கம் போனவர்கள் அங்கேயே மாற்றுவார்கள், மற்றவர்கள் வீட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டு மாற்றுவார்கள். என் மனைவி வீட்டில்தான். நான் அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததே கிடையாது. நான் வேலை பார்த்த கோர்ட்டில் ஊழியர்கள் போடுகிற நீர்மோர்ப் பந்தலுக்கு நான்தான் பொறுப்பு. விடியற்காலையில் போனால் மோர்க் குண்டான் காலியான பிறகுதான் திரும்புவேன். ஊருக்கே மோர் ஊற்றுகிறோம் என்று எனக்கு ஒரு பெருமை.

ஒவ்வொரு வருஷமும் கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்கா உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்துவிடுவாள். ஒரு மஞ்சள் பை, அதில் கொஞ்சம் மொச்சை, கொஞ்சம் நாட்டுக்கோழி முட்டை. "அழகரப் பாக்க வந்தேன்" என்பாள். கல்யாணத்தன்று சாயங்காலமே, "கூட்டம் தாங்காது தம்பி, நான் போறேன்" என்று கிளம்பிவிடுவாள். மறுநாள் தேர். அதற்குப் பிறகுதான் அழகர் ஆற்றில் இறங்குவார். அழகரைப் பார்க்க வருகிறவள் அழகர் வருவதற்கு முன்னாலேயே ஏன் போகிறாள் என்று ஒரு வருஷமாவது கேட்டேனா? நான் கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு அடித்தே ரிட்டையர் ஆனவன். ஒருத்தன் சொல்வதில் முன்னுக்குப் பின் முரண் இருந்தால் வக்கீலுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வீட்டில் அது செல்லவில்லை.

என் மனைவி போன பிறகு வந்த முதல் சித்திரைக்கு அக்கா வரவில்லை. துக்க வீட்டில் பண்டிகை இல்லைதான், எனக்கும் அது தெரியும். ஆனால் தம்பி தனியாகக் கிடக்கிறான் என்று ஒரு நடை வரக்கூடாதா? தெருவே மஞ்சள் கயிறும் மல்லிகைப் பூவுமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோர்ப் பந்தலுக்கும் போகவில்லை. அடுத்த தெருப் பெண்கள் சிலர் கயிறு மாற்றிக்கொண்டு வந்து, சுமங்கலியாகப் போனவள் படத்தைக் கும்பிட வேண்டும் என்று கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை.

அந்தக் கோபம் ஆடிக்காற்று வரை நின்றது. வேப்பம்பழம் உதிர்ந்து வாசலெல்லாம் ஈ மொய்த்தது. அதற்கும் அக்காவைத் திட்டினேன். போனில் பேசினால் இரண்டு வார்த்தையில் வைத்தேன். ஐப்பசி மழை பிடித்தபோதுதான், இதை நேரில் கேட்டே தீருவது என்று உசிலம்பட்டி பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னை "பெரியவரே, கம்பியப் பிடிச்சு நில்லுங்க" என்றார். அவர் தலையிலும் பாதி நரைதான். பெரியவராம். செக்கானூரணி தாண்டும்வரை அவரை முறைத்துக்கொண்டே போனேன்.

அக்கா மாட்டுக் கொட்டத்தில் இருந்தாள். எழுபத்து நான்கு வயதில் அவளுக்குக் கறவை மாடு ஒரு கேடு. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தூறலில் நனைந்த சோளத்தட்டையை உதறி மாட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நான் குடையைக்கூட மடக்கவில்லை.

"ஏன் வரல?" என்றேன்.

"எங்க?"

"சித்திரைக்கு. இம்புட்டு வருசம் ஒரு வருசம் தவறாம வந்த. அவ செத்த வருசம் மட்டும் வரல. நான் ஒருத்தன் அங்க உசுரோடதான கெடக்கேன்?"

அக்கா தட்டையைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அங்க இருந்த வேல முடிஞ்சு போச்சுல்ல தம்பி" என்றாள்.

"என்ன வேல?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாவே ஒனக்குத் தெரியாதா?"

எங்கள் கல்யாணங்களில் தாலியின் மூன்று முடிச்சில் மாப்பிள்ளை போடுவது ஒன்றுதான். பின்னால் நிற்கும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மீதி இரண்டையும் போடுவாள். எங்கள் கல்யாணத்தில் போட்டது இந்த அக்காதான். அப்போது அவளுக்குப் புருஷன் இருந்தார். இரண்டு வருஷம் கழித்து அவரை ஒரு லாரி அடித்துவிட்டது. அதன் பிறகு நல்ல காரியம் எதிலும் அவள் முன்னால் வருவதில்லை. இது எனக்குத் தெரிந்த கதை. எனக்குத் தெரியாத கதையை அக்கா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அவர் போன மறு சித்திரைக்கு ஒம் பொண்டாட்டிதான் ஆள்விட்டு என்னக் கூப்பிட்டா. நீ மோர் ஊத்தப் போயிட்ட. அம்மா கோயிலுக்குப் போயிருச்சு. அடுப்படிக் கதவச் சாத்திட்டுப் புதுக் கயித்த எங் கையில குடுத்தா. நான் பதறிப் போயி கைய இழுத்துக்கிட்டேன். 'அன்னைக்கு மேடையில ரெண்டு முடிச்சுப் போட்டது நீங்கதான மதினி, இப்ப வேற யார்ட்டப் போயி நிக்கச் சொல்றீங்க'ன்னா. பாவம்டி, நல்லா இருக்கிறவளுக்கு நான் கட்டக் கூடாதுடின்னு அழுதேன். அதுக்கு அவ, 'ஒங்க தம்பி நல்லா இருக்கணும்னு ஒங்களவிட யாரு நெனைக்கப் போறா'ன்னு கேட்டா. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது? கட்டிவிட்டேன். அன்னையிலருந்து வருசா வருசம் நாந்தான்."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அன்றைக்கு அவள் நெற்றியில் முண்டியடித்துக் குங்குமம் எடுத்தார்களே, அந்தச் சுமங்கலியின் கழுத்துக் கயிறு ஏறக்குறைய நாற்பது வருஷமாக ஒரு விதவை முடிந்த கயிறு. அவர்கள் நம்பிக்கைப்படி பார்த்தால் அந்தக் கயிற்றால் எனக்கு ஆயுள் கெட்டிருக்க வேண்டும். நான் கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறேன். இதை அந்த மாடி வீட்டு மருமகளிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் மறுபடி கோபம்தான். "ஏங்கிட்ட ஏன் ரெண்டு பேரும் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப?"

அக்கா அதைக் கோபமாகக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். செய்தே இருக்கிறேன்.

என் மகள் கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அக்கா பட்டுச்சேலை கட்டி மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தச் சேலை என் மனைவி எடுத்துக் கொடுத்தது. நான் போய், "அக்கா, பந்தியில ஆள் பத்தல, நீ போயிக் கொஞ்சம் பாத்துக்க" என்றேன். பரிமாறும் ஆட்கள் தேவைக்கு மேலேயே இருந்தார்கள். அவள் இறங்கிப் போனாள். ஒரே மருமகள் கழுத்தில் தாலி ஏறியபோது அவள் கீழே கூடத்தில் இலைகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். அக்காவுக்குப் பெரிய பொறுப்பைக் கொடுத்துக் கௌரவித்துவிட்டதாகத்தான் பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பதினைந்து நாள் என் மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாண அலுப்பு என்று நினைத்தேன். எவ்வளவு வசதியான மனசு எனக்கு.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றாள். "நான்தானப்பா மஞ்சத் தட்டப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அஞ்சு வயசுலேருந்து." தெரியாதவன் நான் ஒருவன்தான். வெளியே அக்கிரமம் என்று நான் கத்திக்கொண்டிருந்த வழக்கத்தை என் மனைவி என் அடுப்படியிலேயே, என்னிடம் ஒரு வார்த்தை வாதாடாமல், என் அனுமதி கேட்காமல் உடைத்துப் போட்டிருக்கிறாள். இதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் செய்திருக்கிறாள். அந்த முடிவு சரிதான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்கழிக் குளிரில் அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு இதையே புரட்டிக்கொண்டு கிடந்தேன். மாசியில் வருஷத் திதி வந்தது. மரம் மறுபடி இலையைக் கொட்டியது. இந்தத் தடவை மரத்தை ஏசவில்லை.

அடுத்த சித்திரைக்கு மகள் வந்தாள். மீனாட்சி கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று அவள் மாமியாரும் கூட வந்தார். அக்காவுக்குப் போன் போட்டால், "சம்மந்தி வீட்டாளுக இருக்கப்ப நான் எதுக்கு? அப்பறமா வாரேன்" என்றாள். மறுபடி உசிலம்பட்டிக்குப் போனேன். பக்கத்து வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மஞ்சள் பையை நானே தூக்கிக்கொண்டு, அவளைக் கையோடு கூட்டிவந்தேன்.

காலையில் டிவியில் மேளச் சத்தம் உச்சத்தில் இருந்தது. முன்னறையில் மகள் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாம்பாளத்தில் சோழவந்தான் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், புதுக் கயிறு. மாமியார் தானே கட்டிவிடுவதாகக் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா எங்கே என்று பார்த்தேன். யாரும் சொல்லாமலே அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"அக்கா, வெளிய வா" என்றேன். என் குரல் கொஞ்சம் பெரிய குரல். டிவி மேளத்தையும் மீறிக் கேட்டிருக்கும். "நீ வந்து கட்டு."

பாத்திரச் சத்தம் நின்றது. சம்பந்தி அம்மா தயங்கித் தயங்கி, "இல்லண்ணே, நல்ல நாளும் அதுவுமா… அவங்களும் சங்கடப்படுவாங்கள்ல" என்றார். கெட்ட மனசுக்காரர் இல்லை அவர். நான் பத்து வருஷம் முன்னால் அக்காவிடம் எவ்வளவு பதமாகப் பேசினேனோ அவ்வளவு பதமாகத்தான் பேசினார். அதனாலேயே எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இந்த வீட்டுல எம் பொண்டாட்டிக்கு வருசா வருசம் எங்கக்காதான் கட்டுச்சு" என்றேன். "நான் கெட்டுப் போகல. நல்லாத்தான் இருக்கேன். எம் மகளுக்கும் அதுதான் கட்டணும்." அந்த அம்மா முன்னால் அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதேன்.

மகள் மாமியார் கையிலிருந்து கயிற்றை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "அத்தை, முகூர்த்தம் போகுது, வாங்க" என்று அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டாள். சம்பந்தி அம்மா குனிந்து மஞ்சள் தட்டை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். கதவு திறந்திருந்தது. தெருவில் போவோர் வருவோர் எல்லாம் பார்க்கலாம். கோர்த்த கயிற்றை மகள் கழுத்தில் போட்டு, பின்னால் நின்று முனைகளைப் பிடித்தாள். ஒரு முனை நழுவியது, திரும்ப எடுத்தால் மறு முனை நழுவியது. கண்ணில் புரை விழுந்து ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த நேரம் அது. "எனக்குத் தெரியலடா. நீ பிடி" என்றாள்.

நான் பக்கத்தில் போய் இரண்டு முனையையும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். அக்கா தடவித் தடவி ஒரு முடிச்சு, அதன் மேல் ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொன்று போட்டாள். மஞ்சள் அவள் விரலிலும் என் விரலிலும் ஒட்டியது.

"இறுக்கமா விழுந்துச்சா, பாரு" என்றாள்.

"விழுந்துச்சுக்கா."

"ஒங் கல்யாணத்துல நீ போட்ட முதல் முடிச்சு தொளதொளன்னு கெடந்துச்சு. ஒனக்குக் கையி ஒதறுச்சு. நான் ரெண்டு முடிச்ச இழுத்துப் போட்டுத்தான் அத நிக்க வச்சேன். பொறவு நாப்பது வருசம் அத நிக்க வச்சது ஒம் பொண்டாட்டிதான்."

என் மகள் சிரித்தாள். சம்பந்தி அம்மாவும் சிரித்துவிட்டார். நன்றி என்றெல்லாம் அக்காவிடம் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. சொல்ல வேண்டியவளோ போய்விட்டாள். சாயங்காலம் அக்கா வழக்கம்போல மஞ்சள் பையை எடுத்தபோது, அதை அவள் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினேன்.

"அழகர் எறங்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றேன். "இருந்து பாத்துட்டுப் போ."

"மாடு?"

"மாட்டப் பாத்துக்கச் சொல்லி வச்சுட்டுத்தான் வந்தேன்."

அவள் உட்கார்ந்தாள். "நான் அழகர ஆத்துல பாத்ததே இல்ல தம்பி" என்றாள்.